காலுக்குள் வயிறு: பனிக்கடலின் ராட்சதக் கடற்சிலந்திகள்

"70 சென்டிமீட்டர் சிலந்தி" என்ற தலைப்போடு ஒரு படம் இணையத்தில் அவ்வப்போது சுற்றி வரும். படத்தில் இருப்பது பெரும்பாலும் கொலோசெண்டீஸ் பேரினத்தைச் சேர்ந்த கடற்சிலந்தி. அளவும் பொய்யல்ல. அதில் மிகப் பெரிதான கொலோசெண்டீஸ் கொலோசியாவின் கால்களை விரித்து நுனிக்கு நுனி அளந்தால் 70 சென்டிமீட்டர் வரை வரும். படத்தோடு வரும் இரண்டு விஷயங்கள்தான் தவறு. ஒன்று, அது சிலந்தி அல்ல. மற்றது, "குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம், அதனால் பெரிதாகிவிட்டது" என்ற ஒற்றை வரி விளக்கம்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடற்சிலந்திகள் பிக்னோகோனிடா என்ற தனி வகுப்பு. இதுவரை விவரிக்கப்பட்டவை 1300க்கும் மேல். சிலந்தி, தேள், குதிரைலாட நண்டு எல்லாம் சேர்ந்த பெருங்குடும்பத்தில் இவை மிக முன்பே பிரிந்துபோன கிளை. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயர் பாறைகளில் கிடைத்த ஹேலியெஸ்டீஸ் என்ற கடற்சிலந்திப் புதைபடிவத்தின் வயது சுமார் 42.5 கோடி ஆண்டு. இவை நூல் நூற்பதில்லை, வலை பின்னுவதில்லை, மூச்சு விட நுரையீரலோ செவுளோ இல்லை. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவில் பாசிக்கும் ஹைட்ராய்டு எனும் செடிபோன்ற சிறு விலங்குகளுக்கும் நடுவே ஊர்பவை. 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட மன்னார் வளைகுடா குருசடைத் தீவு உயிரின ஆய்வில் இவற்றுக்கும் ஒரு பகுதி உண்டு. உணவுத்தட்டு அளவுக்கு வளர்வதெல்லாம் துருவக் கடலிலும் ஆழ்கடலிலும்தான்.

இரண்டாவது விஷயத்துக்குப் போவதற்கு முன், இந்த விலங்கின் உடலை ஒருமுறை சரியாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் அளவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

கொலோசெண்டீஸின் நடுவுடல் சில சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சி, அவ்வளவுதான். பின்னால் வயிற்றுப்பகுதி என்று சொல்லத்தக்கது ஒரு சிறு முளை. 2025இல் வெளியான பிக்னோகோனம் லிட்டோரேல் என்ற சிறு கடற்சிலந்தியின் மரபணுத்தொகையில், மற்றக் கணுக்காலிகளில் உடலின் பின்பகுதியை அமைக்க உதவும் ஹாக்ஸ் மரபணுக்களில் ஒன்றான அப்டாமினல்-ஏ காணவே இல்லை. முளை சிறுத்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று கருதுகிறார்கள். முன்னால் தலைபோல நீட்டிக்கொண்டிருப்பது தலை அல்ல, உறிஞ்சுகுழல். கொலோசெண்டீஸில் அது நடுவுடலின் நீளத்தை எட்டும், சில இனங்களில் தாண்டியும் போகும். நுனியில் மூன்று உதடுகள். உள்ளே தொண்டையின் குறுக்குவெட்டு மூன்று கிளையாகப் பிரிந்திருக்கும், அதன் உட்பகுதியில் நெருக்கமான மயிர்முட்கள். உறிஞ்சிய சதை இந்த முட்களுக்கிடையே அரைபட்டு, வடிகட்டப்பட்டு, கூழாகத்தான் குடலுக்குப் போகும். உடலின் முன்பக்க முதுகில் ஒரு சிறு குமிழ், அதில் நான்கு எளிய கண்கள். ஆழ்கடல் இனங்கள் பலவற்றில் குமிழ் மட்டும் இருக்கும், கண் இருக்காது.

கால்களை எண்ணும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னாலிருந்து வரிசையாக: முதலில் கொடுக்குகள், பிறகு உணர்கால்கள், அதற்கடுத்து முட்டைதாங்கிக் கால்கள், கடைசியில்தான் நடக்கும் கால்கள். வளர்ந்த கொலோசெண்டீஸில் கொடுக்குகள் மறைந்துவிடும். உணர்கால் ஒன்பது பத்துக் கண்டங்களோடு (மூட்டுகளுக்கு இடைப்பட்ட துண்டுகளோடு), முட்டைதாங்கி பத்துக் கண்டங்களோடு நீண்டிருக்கும். இந்த இரண்டு சோடிகளையும் கால் என்று எண்ணிவிட்டு "பன்னிரண்டு கால் சிலந்தி" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. நடக்கும் கால் என்றால் உடலின் பக்கவாட்டு முளையிலிருந்து கிளம்பி, எட்டுக் கண்டங்களைக் கொண்டு, நுனியில் நகத்தோடு முடிய வேண்டும். அப்படி எண்ணினால் சாதாரணமாக நான்கு சோடி.

சாதாரணமாக என்றுதான் சொல்ல முடியும். அமெரிக்க இயற்கையியலாளர் ஜேம்ஸ் எயிட்ஸ், தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளில் கிடைத்த பத்துக் கால் கடற்சிலந்தியை டெகோலோபோடா ஆஸ்ட்ராலிஸ் என்று 1835இல் விவரித்தார். கடற்சிலந்திக்கு எட்டுக் கால்தான் என்று முடிவு கட்டியிருந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்கோஷியா கப்பலில் 1902 முதல் 1904 வரை போன ஸ்காட்லாந்துத் தென்துருவப் பயணம் அதே விலங்கை மறுபடி பிடித்து வந்த பிறகுதான் எயிட்ஸ் சரியாகவே எண்ணியிருக்கிறார் என்பது உறுதியானது. பென்டாநிம்ஃபோன் அண்டார்க்டிகம் என்ற வேறொரு பத்துக்கால் இனமும், டோடெகோலோபோடா மாசோனி என்ற உண்மையான பன்னிரண்டு கால் இனமும் பட்டியலில் சேர்ந்தன. எண்ணுவதற்கு முன் எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டால், பத்து வந்தாலும் அச்சமில்லை.

இப்போது அந்தக் கால்களுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடுவுடல் அவ்வளவு ஒல்லியாக இருப்பதால் குடலுக்கு அங்கே இடமில்லை. அது ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு கிளையை அனுப்புகிறது, அந்தக் கிளை கிட்டத்தட்டக் கால் நுனிவரை ஓடுகிறது. இனப்பெருக்க உறுப்புகளும் கால்களுக்குள்தான். பெண்ணின் தொடைக்கண்டத்தில் முட்டைகள் முதிர்கின்றன, வெளியேறும் துளை காலின் இரண்டாம் கண்டத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் நுழைவதும் கால்களின் புறத்தோல் ஓடு வழியாகத்தான், ஏனென்றால் உடற்பரப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. மற்ற விலங்குகளுக்குக் கால் என்பது உடலைச் சுமக்கும் உறுப்பு. இதற்கு உடல் என்பது கால்கள் வந்து சேரும் சந்திப்பு.

இதில் ஒரு கணக்கு உதைக்கிறது. யாரும் தள்ளாமல் ஆக்சிஜன் தானாக நீரில் பரவுவதுதான் விரவல். 0 டிகிரியை ஒட்டிய நீரில் அதன் வேகத்தைச் சொல்லும் விரவல் கெழு விநாடிக்கு ஏறத்தாழ 10⁻⁹ சதுர மீட்டர். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருபடியோடு கூடும். அதன்படி 1 மில்லிமீட்டர் கடக்க எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 14 மணி நேரம், 30 சென்டிமீட்டர் காலின் நுனியிலிருந்து நடுவுடல்வரை என்றால் ஓராண்டுக்கும் மேல். காலின் குறுக்கே விரவல் போதும், ஓட்டிலிருந்து மையத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். நெடுக்கே போதவே போதாது. நடுவுடலுக்கும் தடித்த உறிஞ்சுகுழலுக்கும் சொந்தப் பரப்பு குறைவு, காலிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

இதயம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, முதுகுப்பக்கம் ஒரு குழாயாக. ஆனால் அதன் வலு நடுவுடலுக்குள்ளும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இரத்தத்தைத் தள்ளுவதோடு தீர்ந்துவிடுகிறது. மீதி வேலையைச் செய்வது குடல். ஆர்தர் வுட்ஸ், ஏமி மோரன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. காலுக்குள் ஓடும் குடல்கிளை தசைச் சுருக்கத்தால் அலையலையாக இறுகித் தளர்கிறது. பற்பசைக் குழாயை அழுத்தினால் பசை நகர்வதுபோல உள்ளே இருக்கும் கூழ் நகர்கிறது. குடலுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள குறுகிய வெளியில் நிற்கும் இரத்தமும் அதோடு சேர்ந்து முன்னும் பின்னுமாகத் தள்ளப்படுகிறது. நம் குடலிலும் இதே அலை உண்டு, ஆனால் அது உணவைத் தள்ளுவதற்கு. இங்கே செரிமானத்துக்குத் தேவையானதைவிட மிக வேகமாக அலை அடிக்கிறது. குடல் இரண்டாவது இதயமாக வேலை பார்க்கிறது, சொல்லப்போனால் பெரிய இதயம் அதுதான்.

ஓட்டுக்கு வருவோம். பெரிய விலங்கைத் தாங்க ஓடு தடிக்க வேண்டும், தடித்தால் ஆக்சிஜன் நுழைவது குறையும். இந்த இழுபறிக்குக் கடற்சிலந்தி கண்ட வழி துளைகள். ஓடு முழுக்க நுண்துளைகள், விலங்கு பெரிதாக ஆக ஓட்டில் துளையின் பங்கும் கூடுகிறது. துளையில் நிறைந்திருப்பதன் வழியே ஆக்சிஜன் விரவுவது, ஓட்டின் கெட்டியான பொருளான கைட்டின் வழியே விரவுவதைவிட எளிது. இதுவும் எல்லையற்ற தந்திரமல்ல. ஓட்டில் எவ்வளவு துளையிட்டால் கால் மடங்கிவிடும் என்ற புள்ளி எங்கோ இருக்கத்தான் வேண்டும்.

இனி அந்த ஒற்றை வரி விளக்கம். துருவப் பகுதியில் பல கடல்வாழ் முதுகெலும்பிலிகள் பெருத்திருப்பதற்கு ஆக்சிஜன்தான் காரணம் என்ற வாதத்தைப் பிரபலமாக்கியது, ஷாப்பெல், பெக் இருவரும் 1999இல் ஆம்ஃபிபாடு எனும் இறால்போன்ற சிறு ஓட்டுயிரிகளை வைத்து எழுதிய கட்டுரை. மைனஸ் 1.8 டிகிரிக் கடல்நீரில், 28 டிகிரி நீரில் கரைவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜன் கரையும். இது உண்மை. ஆனால் இங்கே நின்றுவிடுவதுதான் தவறு. ஓட்டைத் தாண்டி ஆக்சிஜனைத் தள்ளுவது அதன் பகுதியழுத்தம், அதாவது ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம். காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில், சூடானாலும் குளிர்ந்தாலும் அந்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். குளிரில் விரவல் வேகமும் குறைகிறது, நீரின் பிசுக்குமையும் கூடுகிறது. கரைதிறனில் கிடைத்த லாபத்தை இவை தின்றுவிடுகின்றன. குளிரின் பெரிய கொடை வரவு கூடுவதல்ல, செலவு குறைவது. மைனஸ் 1.8 டிகிரியில் வளர்சிதைமாற்றம் அவ்வளவு மந்தமாக இருக்கிறது. அதனால் மெல்லிய வரவே போதுமானதாகிவிடுகிறது.

ஆழ்கடலையும் கணக்கில் சேர்த்தால் "ஆக்சிஜன் மிகுதி" வாதம் இன்னும் தள்ளாடும். கலிஃபோர்னியாவின் மான்டெரே கடலடிப் பள்ளத்தாக்கில் தொலைவிலிருந்து இயக்கும் கலங்களின் கேமராக்கள் பெரிய கொலோசெண்டீஸ்களைக் கடல் சாமந்தி எனும் பூப்போன்ற விலங்குகள் மேல் கண்டிருக்கின்றன. வடகிழக்குப் பசிபிக்கின் ஆழநீர் பழைய நீர். மேற்பரப்பை விட்டு வந்து நெடுங்காலம் ஆனதால் அதில் ஆக்சிஜன் தென்துருவக் கரைநீரைவிட மிகக் குறைவு. இரண்டு இடத்துக்கும் பொதுவானது குளிர், ஆக்சிஜன் அல்ல.

விவாதம் பேச்சோடு நிற்கவில்லை, தொட்டியிலும் சோதித்தார்கள். தென்துருவத்தின் மெக்மர்டோ நிலையத்தில் செய்த சோதனை கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டுபோல இருக்கும். கடற்சிலந்தியை மல்லாக்கப் போட வேண்டும். அது கால்களை உதைத்துப் புரண்டு நிமிரும். உடனே மறுபடி மல்லாக்கப் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நிமிர்கிறது என்பதே அதன் தெம்பின் அளவு. நெடுங்கால் விலங்குக்குப் புரள்வது கடும் உழைப்பு, ஆக்சிஜன் தட்டுப்பாடானால் எண்ணிக்கை விழும்.

2009இல் வெளியான சோதனையில் நீரின் ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தார்கள். எல்லாமே தளர்ந்தன, ஆனால் பெரியவை சிறியவற்றைவிட முந்தித் தளரவில்லை. 2019இல் கெய்ட்லின் ஷிஷிடோ குழுவினர் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். கொலோசெண்டீஸையும் அமோதியா கிளேசியாலிஸையும் எடுத்துக்கொண்டு நீரை மைனஸ் 1.8இலிருந்து 9 டிகிரிவரை சூடாக்கினார்கள். சூடேறினால் செலவு கூடும், பெரிய உடல் முதலில் திணறும் என்பது எதிர்பார்ப்பு. இங்கும் ராட்சதங்கள் குட்டிகளுக்குச் சளைக்காமல் புரண்டு நிமிர்ந்தன. உடல் பெரிதாக ஆக ஓட்டில் துளைகள் கூடுவதை இந்த ஆய்வும் காட்டியது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கடல் சூடானாலும் இவற்றுக்குக் கவலையில்லை" என்று எழுதியவர்கள் உண்டு. அது அவசரம். சோதனை அளந்தது குறுகிய நேரத் தாக்குப்பிடிப்பை. மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழும் விலங்கு பல மாதச் சூட்டில் இரை தேடுமா, தோலுரிக்குமா, முட்டையிடுமா என்பதெல்லாம் வேறு கேள்விகள். சோதனை தகர்த்தது "பெரியதுதான் முதலில் சாகும்" என்ற கணிப்பை மட்டும்.

ஆக்சிஜன் உடல் அளவுக்கு உச்சவரம்பு போடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வரம்புவரை ஏன் வளர வேண்டும் என்பதற்கு அது பதில் சொல்லாது. மாடியின் உயரம் சொன்னால் ஏன் ஏறினார்கள் என்று தெரியாது. மெதுவான வளர்ச்சி, நீண்ட ஆயுள், ஓடு நொறுக்கும் நண்டுகள் தென்துருவக் கரைகளில் கிட்டத்தட்ட இல்லாதது, 3 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் குளிர் நீரோட்டம் அந்தக் கடலைத் தனிமைப்படுத்தி வைத்திருப்பது என்று காரணப் பட்டியல் நீளும். தென்கடலில் மட்டும் கடற்சிலந்தி இனங்கள் ஏறத்தாழ 260, உலக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் சில மில்லிமீட்டர் அளவே உள்ளவையும் தாராளமாக உண்டு. அதே குளிர், அதே ஆக்சிஜன், இருந்தும் அவை குள்ளமாகவே இருக்கின்றன. பெருமையெல்லாம் நீருக்கே என்றால் இவற்றை எங்கே வைப்பது?

மற்றக் கடல்களில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் வாழும் பேரினம், மெக்மர்டோவில் முக்குளிப்பவர் கைக்கு எட்டும் ஆழத்தில் நடமாடுவதற்கும் வெப்பநிலைதான் காரணம். அங்கே மேலிருந்து அடிவரை நீர் ஏறக்குறைய ஒரே குளிர். ஆழ்கடல் விலங்குக்கு மேலே ஏறி வரத் தடையாக வெதுவெதுப்பான அடுக்கு எதுவும் குறுக்கே நிற்பதில்லை. ஆராய்ச்சிக்கு இது பெரிய வரம். கடல்பனியில் துளை போட்டு, அதன் வழியே இறங்கி, கையாலேயே எடுத்து வரலாம். இழுவலையில் வருபவை பெரும்பாலும் கால் முறிந்தே வரும், அதை வைத்து ஓட்டத்தையும் மூச்சையும் அளக்க முடியாது.

மூச்சை அளப்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. மூடிய ஜாடியில் விலங்கை விட்டு ஆக்சிஜன் குறைவதை உணர்கருவியால் பதிவு செய்வது வழக்கமான முறை. நெடுநாள் தோலுரிக்காத முதிர்ந்த கொலோசெண்டீஸின் கால்களில் கொட்டலசு, பாசி, ஹைட்ராய்டு எல்லாம் குடியேறியிருக்கும். அவையும் மூச்சு விடும், பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜனையும் விடும். எனவே சுத்தம் செய்துவிட்டு, இருட்டில், நீரை மெல்லக் கலக்கிக்கொண்டே அளக்க வேண்டும். கலக்காவிட்டால் உணர்கருவி தன்னைச் சுற்றிய நீரை மட்டும் படிக்கும். விலங்கில்லாத வெறும் ஜாடி ஒன்றையும் கூடவே வைத்து, நீரில் உள்ள நுண்ணுயிர்களின் செலவைக் கழிக்க வேண்டும். இத்தனை மந்தமாக மூச்சு விடும் விலங்குக்கு அந்தச் சிறு கழித்தலே முடிவைப் புரட்டிப்போடும்.

சாப்பாட்டு விஷயம் மந்தமில்லை. ஓடி ஒளியாத, மென்மையான உடல் கொண்டவைதான் இரை: கடல் சாமந்தி, ஹைட்ராய்டு, மென்பவளம், பாசிபோலக் கூட்டமாகப் படரும் பிரையோசோவா. உறிஞ்சுகுழலைச் சதைக்குள் செருகி உறிஞ்சும். கடல் சாமந்தி போன்ற பெரிய இரை பல நேரம் சாவதில்லை, கொஞ்சம் இழந்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும், எனவே இதைக் கொலைகாரன் என்பதைவிட மேயும் விலங்கு என்பது பொருந்தும். மெக்மர்டோவில் கொலோசெண்டீஸ் இழுதுமீன்களைப் பிடித்து உண்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். மெதுநடைக்காரர் நீந்துவதைப் பிடித்தது எப்படி என்று வியக்க வேண்டாம், கடலடிக்கு வந்து சேர்ந்ததைக் கால்களால் வளைத்துக்கொண்டால் போதும்.

இனப்பெருக்கத்தில்தான் ராட்சதங்கள் நூறாண்டுக்கும் மேல் கண்ணாமூச்சி ஆடின. பெரும்பாலான கடற்சிலந்திகளில் முட்டையைச் சுமப்பது தந்தை. பெண் இட்டதும் ஆண் அவற்றை உருண்டையாக்கி, தன் கால் சுரப்பியின் பசையால் முட்டைதாங்கிக் கால்களில் ஒட்டிக்கொண்டு, பொரியும்வரை நடப்பார். கொலோசெண்டீஸின் இரு பாலுக்கும் முட்டைதாங்கி உண்டு, ஆனால் அதில் முட்டையோடு ஒன்றுகூட அகப்பட்டதில்லை. சாலெஞ்சர் என்ற ஆய்வுக்கப்பலின் பயணத்தில் கிடைத்த கடற்சிலந்திகளை விலங்கியலாளர் ஹூக் 1881இல் விவரித்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி கிடந்தது.

விடை 2024இல் வந்தது. 2021 அக்டோபரில் மெக்மர்டோவில் கூடிக் கிடந்த கொலோசெண்டீஸ் மெகலோனிக்ஸ்களைக் கொண்டுவந்து ஹவாய்ப் பல்கலைக்கழகக் குழு தொட்டியில் வைத்தது. ஆயிரக்கணக்கில் நுண்ணிய முட்டைகள். பெற்றோரில் ஒன்று, பெரும்பாலும் தந்தை, இரண்டு நாள் செலவழித்து அவற்றை அடியில் கிடந்த பாறையில் ஒட்டியது. சுமக்கவில்லை, பூசிவிட்டது. சில வாரத்தில் முட்டைகள் மேல் நுண்பாசி படர்ந்து, எது பாறை எது முட்டை என்று தெரியாமல் போனது. பல மாதம் கழித்துச் சின்னஞ்சிறு இளவுயிரிகள் வெளிவந்தன. முட்டையைத் தேடியவர்கள் எல்லாரும் விலங்கின் மேலேயே தேடியதுதான் இத்தனை காலத் தாமதத்துக்குக் காரணம். முட்டை சுமக்காத முட்டைதாங்கிக்கு வேறு வேலை உண்டு. அதன் நுனிக் கண்டங்களில் வரிசையாக முட்கள் இருக்கின்றன, அவற்றால் கால்களைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்கிறது.

இங்கே மெகலோனிக்ஸ் என்று எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தென்துருவத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிடைக்கும் இந்த "இனத்தின்" மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் படித்தால் பல தனித்தனிக் கிளைகள் வருகின்றன. பார்வைக்கு ஒன்று, உள்ளே பல. ஒரு இடத்தில் அளந்த வெப்பத் தாங்குதிறனை மறுகரையில் இருப்பதற்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. அதனால் மாதிரியைக் கையாளும் முறை முக்கியமாகிறது. ஃபார்மலினில் போட்டால் வடிவம் நிற்கும், டிஎன்ஏ கெடும். 96 சதவீத எத்தனாலில் போட்டால் டிஎன்ஏ நிற்கும், கால்கள் மொறுமொறுப்பாகி மூட்டில் முறியும். எனவே படமெடுத்தல் முதலில்: உணர்கால் கண்டங்கள், கண்குமிழ், முட்டைதாங்கியின் முள்வரிசை, கால் நுனியின் கடைசிக் கண்டமும் நகமும் அளவுகோலோடு. கால்விரிவை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை, விரித்தவர் கைக்கேற்ப அது மாறும். நடுவுடல் நீளத்தையும் ஒவ்வொரு கால் கண்டத்தின் நீளத்தையும் தனியாக அளக்க வேண்டும். பிறகு டிஎன்ஏவுக்குக் காலிலிருந்து தசை எடுக்கும்போது குடல்கிளையை விலக்கி எடுக்க வேண்டும். காலுக்குள் ஓடுவது வயிறு என்பதை மறந்து ஒரு துண்டை அப்படியே அரைத்தால், பட்டியலில் கடற்சிலந்தியோடு அது கடைசியாகத் தின்ற சாமந்தியின் மரபணுவும் சேர்ந்து வந்து நிற்கும்.